பெயர் பெற்ற ஆட்டக்காரர், அனுபவம் இல்லாத பயிற்சியாளர்: பையனை நம்பி அனுப்பலாமா?

ஆஸ்டின்வாசி
8 டிசம்பர் 2025, இரவு 9.40

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தை) வாரம் தவறாமல் பார்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு குடும்ப விஷயம் கேட்க வேண்டும்.

என் அக்காள் மகன் டெக்சாஸில் பள்ளி இறுதி ஆண்டு படிக்கிறான். பந்து வைத்திருப்பவனுக்கு வழி திறந்து காக்கும் தாக்குதல் லைனில், நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்டு இடத்தில் ஆடுகிறான். ஆறடி மூன்று அங்குல உயரம், நல்ல கை நீளம். பெரிய கல்லூரிகள் எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த தட்டில் இருக்கும் எஃப்.சி.எஸ். கல்லூரிகளில் இரண்டு இடம் தருகிறோம் என்கின்றன. ஒன்றில் தலைமைப் பயிற்சியாளராக இருப்பவர் கல்லூரிக் களத்திலேயே தலை நரைத்தவர். வெளியில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. இன்னொன்றில் இருப்பவர் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் கொடிகட்டிப் பறந்தவர். ஆனால் கல்லூரியில் ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுத்ததில்லை. இரண்டு கல்லூரிகளின் பெயரையும் சொல்ல விரும்பவில்லை.

அந்த நட்சத்திரம் போன வாரம் அக்கா வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்து அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, 'உங்கள் மகனை என் மகனாகப் பார்த்துக்கொள்வேன்' என்றார். அன்றிலிருந்து பையனுக்குத் தூக்கம் இல்லை. அத்தான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அக்கா மட்டும் தனியாக அழைத்து, 'நீ கொஞ்சம் விசாரித்துச் சொல்லடா' என்கிறாள். பிப்ரவரி முதல் புதன்கிழமை கையெழுத்துப் போடும் நாள்.

பெரிய ஆட்டக்காரராக இருந்தவர், அனுபவமே இல்லாமல் வந்து நல்ல பயிற்சியாளர் ஆவாரா? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

கொலம்பஸ் குமரன்
8 டிசம்பர் 2025, இரவு 10.25

ஆவார், நேரம் கொடுத்தால். எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் எடி ஜார்ஜ். 1995-இல் ஒஹையோ ஸ்டேட்டுக்காக, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர், பிறகு என்.எஃப்.எல்.லில் டென்னசி டைட்டன்ஸ் அணியின் முதுகெலும்பு. 2021 ஏப்ரலில் டென்னசி ஸ்டேட் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தபோது அவர் எந்த மட்டத்திலும் பயிற்சி கொடுத்தவர் இல்லை. எம்.பி.ஏ. படித்திருந்தார், பிராட்வே மேடையில் நடித்திருந்தார். விளம்பரத்துக்காகச் செய்த நியமனம் என்று பலர் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் ஆண்டு 5 வெற்றி, 6 தோல்வி. இரண்டாம் ஆண்டு இன்னும் மோசம், 4-7. மூன்றாம் ஆண்டு 6-5. நான்காம் ஆண்டு, 2024-இல், 9-4; மாநாடு என்று சொல்லும் தங்கள் கல்லூரிக் குழுவின் பட்டத்தில் பங்கு, 2013-க்குப் பிறகு முதல் முறையாக, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று. மொன்டானாவிடம் தோற்றார்கள், அது வேறு கதை. அடுத்த மார்ச்சில் பௌலிங் கிரீன் அவரை அழைத்துக்கொண்டது.

அவர் செய்த முதல் வேலையைப் பாருங்கள். என்.எஃப்.எல். அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஹியூ ஜாக்சனைக் கூப்பிட்டுத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக உட்கார வைத்தார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உங்கள் நட்சத்திரம் யாரைப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். எனக்கு அது ஒன்றுதான் கேள்வி.

டாலஸ்வாசி
8 டிசம்பர் 2025, இரவு 10.50

டிரென்ட் டில்ஃபரை மறந்துவிட்டீர்கள். பால்டிமோர் ரேவன்ஸுக்கு என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்று கொடுத்த க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். நாஷ்வில்லில் ஒரு பள்ளி அணியை நன்றாகவே நடத்தினார். 2022 நவம்பரில் அலபாமா பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் அவரை எடுத்தது. 4-8, 3-9, பிறகு 2-4. மொத்தம் 9 வெற்றி, 21 தோல்வி. இந்த அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள். இடைக்காலப் பயிற்சியாளர் முதல் ஆட்டத்திலேயே தரவரிசையில் இருந்த மெம்ஃபிஸைத் தோற்கடித்தார். அதே பையன்கள், அதே சீருடை.

மேடைக்கேமரா
9 டிசம்பர் 2025, காலை 6.15

ஆஸ்டின் நண்பரே, நான் பட்டமேற்படிப்பு படித்த காலத்தில் ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சியைப் படம்பிடிக்கும் வேலை பார்த்தேன். இரும்பு ஏணியில் ஏறி மைதானத்தின் ஓரத்தில் ஐம்பது அடி உயர மேடையில் நின்று, காலையில் இரண்டு மணி நேரம் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரியின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம்.

பந்தை ஏந்தி ஓடும் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்த ஆண்டு ஒருவர் வந்தார். என்.எஃப்.எல்.லில் அவர் ஓடிய ஓட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். முதல் நாள் அவரைக் கிட்டத்தில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பையன்களுக்கும் அப்படித்தான்.

இரண்டாம் வாரம். உள்பக்க ஓட்டப் பயிற்சி நடக்கிறது. ஒரு பையன் பந்தை வாங்கிக்கொண்டு இடது இடைவெளிக்குள் போய் மோதி விழுகிறான். வலது பக்கம் கதவு திறந்த மாதிரி கிடக்கிறது. இவர் விசிலை ஊதி, 'அங்கே திறந்திருக்கிறதே, ஏன் போகவில்லை?' என்று கேட்டார். பையன் மரியாதையாக, 'திறக்கப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது, ஐயா?' என்றான். இவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு, 'பார்த்தால் தெரியும்' என்றார். பையன் தலையை ஆட்டிவிட்டு வரிசைக்குப் போனான். அடுத்த முறையும் இடது பக்கம்தான் போய் மோதினான்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே பார்த்தால் தெரிந்தது. பதினைந்து ஆண்டு அவர் கண்ணும் காலும் சேர்ந்து செய்த வேலை அது. அதைப் பிரித்து, முதலில் யாருடைய இடுப்பைப் பார்க்க வேண்டும், எந்தக் காலடியில் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் அவசியம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை. கச்சேரியில் சபையையே கட்டிப்போடும் வித்துவானிடம் குழந்தையைப் பாட்டுக்குச் சேர்த்துவிட்டு, ஆறு மாதம் ஆகியும் சரளி வரிசை பிடிபடவில்லை என்று தவிக்கும் பெற்றோரை நாம் பார்த்ததில்லையா? அதே கதைதான்.

அதே மைதானத்தின் மறு மூலையில் இருபத்து நான்கு வயதுப் பட்டதாரி உதவியாளர் ஒருவர் இருந்தார். சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இரவு முழுக்க எதிரணியின் படத்தை ஓட்டிப் பார்த்து, அவர்களுடைய ஒவ்வொரு ஆட்டத்தையும் அட்டையில் வட்டமும் கோடுமாக வரைந்து, காலையில் மாற்று அணிப் பையன்கள் முன்னால் தூக்கிப் பிடிப்பார். ஒரு வாரத்துக்கு நூறு அட்டைக்கு மேல் இருக்கும். அந்த ஓட்டக்காரப் பையன் பயிற்சி முடிந்ததும் இவரிடம்தான் போய் நின்றான். இவர் அட்டையின் பின்பக்கத்தில் கார்டின் காலை மட்டும் வரைந்து காட்டினார். 'இவன் வலது கால் பின்னால் போனால் நீ வலது பக்கம் போ. இப்போதைக்கு வேறு எதையும் பார்க்காதே.' மேடையிலிருந்து இறங்கி வரும்போது காதில் விழுந்தது.

பயிற்சியாளர் வேலை அந்த அட்டையில் இருக்கிறது என்று அன்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் மாறவில்லை.

வெண்ணிலா அட்லாண்டா
9 டிசம்பர் 2025, மதியம் 12.30

மேடைக்கேமரா தம்பி எழுதியது மனதில் நிற்கிறது. ஆனாலும் ஒரு பக்கத்தை யாரும் பேசவில்லை என்பதால் நான் பேசுகிறேன்.

இப்போது நட்சத்திரங்களை நியமிப்பவை பெரும்பாலும் எந்தக் கல்லூரிகள்? ஜாக்சன் ஸ்டேட், டென்னசி ஸ்டேட், நார்ஃபோக் ஸ்டேட், டெலவேர் ஸ்டேட், எல்லாம் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய வரலாற்றுக் கல்லூரிகள். பணம் இல்லாதவை. உடற்பயிற்சிக் கூடம் ஒழுகும், பஸ் பழையது, உதவிப் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கவே திணறும். அப்படிப்பட்ட இடத்துக்கு 2020-இல் டியான் சாண்டர்ஸ் வந்தார். என்.எஃப்.எல். ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர். மூன்று பருவத்தில் 27 வெற்றி, 6 தோல்வி. 2021 டிசம்பரில் பள்ளி ஆட்டக்காரர்களில் நாட்டிலேயே முதலிடத்தில் மதிப்பிடப்பட்டிருந்த டிராவிஸ் ஹன்டர், வாக்குக் கொடுத்திருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டை விட்டுவிட்டு ஜாக்சன் ஸ்டேட்டில் கையெழுத்திட்டான். அதற்கு முன் அந்த மாதிரி ஒரு பையன் இந்தக் கல்லூரிகளின் பக்கம் வந்து நாம் பார்த்திருக்கிறோமா? தேசியத் தொலைக்காட்சி மிஸிஸிப்பிக்கு வந்தது. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரால் அதைச் செய்திருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லூரிக் கால்பந்தில் ஆடுபவர்களில் பெரும் பங்கு கறுப்பினப் பையன்கள். தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் அவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணலாம். 'அனுபவம் வேண்டும்' என்று சொல்லிக்கொண்டே அனுபவம் கிடைக்கும் வாசலை மூடி வைத்திருந்தால், வேறு வழியாகத்தான் உள்ளே வருவார்கள். அதை நான் குறையாகப் பார்க்க மாட்டேன்.

எடி ராபின்சன் 1941-இல் கிராம்ப்ளிங் வந்தபோது அவருக்கு வயது 22. பேட்டன் ரூஜில் தீவன ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பயிற்சியாளர் அனுபவம் துளியும் இல்லை. முதல் பருவம் 3-5. அடுத்த பருவம் ஒன்பது ஆட்டமும் வெற்றி, எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. 1997-இல் ஓய்வு பெறும்போது 408 வெற்றிகள்.

பழைய ரசிகர்
9 டிசம்பர் 2025, மாலை 5.05

வெண்ணிலா அம்மா, நீங்கள் சொல்லும் அநியாயம் உண்மை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ராபின்சனை உங்கள் பக்கத்துச் சாட்சியாக நிறுத்த முடியாது. அவர் நட்சத்திரம் இல்லை. மைதானத்துக்குக் கோடு போட்டது அவர், பையன்களின் கணுக்காலில் பட்டை கட்டியது அவர், ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக் கொடுத்ததும் அவர். அடியிலிருந்து ஒவ்வொரு வேலையையும் கையால் செய்து கற்றார். கோடிக்கணக்கில் சம்பாதித்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்த வேலைகளுக்குக் குனிவாரா என்பதுதான் கேள்வி.

அதே கிராம்ப்ளிங்கில் ராபின்சனிடம் ஆடியவர் டக் வில்லியம்ஸ். சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்பின க்வார்ட்டர்பேக், 1988 ஜனவரியில். அவர் பள்ளியில் பயிற்சி கொடுத்தார், கடற்படை அகாடமியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார், மோர்ஹவுஸில் ஓர் ஆண்டு தலைமை ஏற்றார். அதற்குப் பிறகே 1998-இல் ராபின்சனின் நாற்காலிக்கு வந்தார். 2000, 2001, 2002 மூன்று ஆண்டும் மாநாட்டுப் பட்டம்.

ஸ்டீவ் ஸ்பரியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 ஹைஸ்மன். ஃபுளோரிடாவில் அவருக்குக் கோயில் கட்டாத குறை. அவரும் உதவியாளராகத்தான் தொடங்கினார். ஃபுளோரிடா, ஜார்ஜியா டெக், ட்யூக் என்று அலைந்தார். யு.எஸ்.எஃப்.எல். என்ற புதிய லீகில் டாம்பா பே அணியை நடத்தினார். ட்யூக்குக்கே திரும்பி, யாரும் மதிக்காத அந்த அணிக்கு 1989-இல் மாநாட்டுப் பட்டத்தில் பங்கு வாங்கிக் கொடுத்தார். 1990-இல்தான் ஃபுளோரிடா அவரைத் தலைமைப் பொறுப்புக்கு அழைத்தது. 1996-இல் தேசியப் பட்டம்.

ஜிம் ஹார்பா அவரைவிட ஆச்சரியம். என்.எஃப்.எல்.லில் க்வார்ட்டர்பேக்காக ஆடிக்கொண்டிருக்கும்போதே, தன் அப்பா நடத்திய வெஸ்டர்ன் கென்டக்கி அணிக்குச் சம்பளம் வாங்காத உதவியாளராக இருந்து பையன்களைத் தேடி வீடு வீடாகப் போனார். ஓய்வு பெற்றதும் பெரிய கல்லூரிக்குப் போகவில்லை. உதவித்தொகையே இல்லாத சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு, 29-6. அங்கிருந்து ஸ்டான்ஃபோர்ட். முந்தைய ஆண்டு ஒரே ஒரு வெற்றி பெற்றிருந்த அணி அது. நான்காம் ஆண்டில் 12-1 ஆக்கினார்.

இந்த இருவரையும் 'நட்சத்திரங்கள் ஜெயிப்பார்கள்' என்பதற்குக் காட்டுகிறவர்கள் நடுவில் இருக்கும் ஆண்டுகளை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

மறுபக்கத்தில் நிக் சேபன், ஏழு தேசியப் பட்டம். என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டம் ஆடியதில்லை. கென்ட் ஸ்டேட்டில் பட்டதாரி உதவியாளராகத் தொடங்கினார். மேடைக்கேமரா தம்பி சொன்ன அந்த அட்டைக்காரப் பையனின் வேலை. பேர் பிரயன்ட் அலபாமாவில் லைனின் ஓரத்தில், எண்ட் என்ற இடத்தில் ஆடிய காலத்தில் அவரை 'அந்த இன்னொரு எண்ட்' என்றுதான் சொல்வார்கள். மறுமுனையில் ஆடிய டான் ஹட்ஸன்தான் நட்சத்திரம். பயிற்சியாளராக 323 வெற்றி பெற்றவர் அந்த இன்னொருவர்.

நெப்ராஸ்கா நெஞ்சன்
9 டிசம்பர் 2025, இரவு 8.20

எல்லாரும் அனுபவம் அனுபவம் என்கிறீர்கள். ஸ்காட் ஃபிராஸ்டுக்கு அனுபவம் இருந்தது. எங்கள் மண்ணின் பிள்ளை. 1997 தேசியப் பட்டம் வென்ற நெப்ராஸ்கா அணியின் க்வார்ட்டர்பேக். உதவியாளராகப் பல ஆண்டு உழைத்தார். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 2017-இல் 13 ஆட்டமும் வென்றார். 2017 டிசம்பரில் அவரை எங்கள் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தபோது லிங்கனில் அழாதவர் இல்லை. நானும் அழுதேன். 16 வெற்றி, 31 தோல்வி. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் மட்டும் 5-22. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி நான்கு நிமிடத்தில் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். 2022 செப்டம்பரில் சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்னிடம் தோற்ற மறுநாள் அனுப்பினார்கள்.

அனுபவம் இருந்தும் சறுக்கலாம் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லும்போது இன்றும் வலிக்கிறது.

பொல்டர் பாலன்
10 டிசம்பர் 2025, காலை 7.10

டியான் சாண்டர்ஸ் பற்றி, அவர் அணியைப் பக்கத்திலிருந்து பார்ப்பவனாக.

முதலில் ஒரு திருத்தம். அவருக்கு அனுபவம் இல்லை என்பது சரியில்லை. ஜாக்சன் ஸ்டேட்டுக்கு முன்பே டெக்சாஸில் பள்ளி அணிகளில் பல ஆண்டு பயிற்சி கொடுத்தவர். கல்லூரி அனுபவம்தான் இல்லை.

பொல்டரில் இருக்கும் கொலராடோ பல்கலைக்கழக அணி எங்களுடையது. 2022-இல் நாங்கள் 1-11. அவர் வந்தார். முந்தைய பருவத்தில் தேசிய இறுதிப் போட்டி வரை போன டி.சி.யு.வை (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தை) அவர்கள் ஊரிலேயே 45-42 என்று வென்றோம். அடுத்த வாரங்களில் பொல்டர் ஊரில் நடக்க இடமில்லை. பிறகு 2023 அக்டோபர் 13, ஸ்டான்ஃபோர்ட் ஆட்டம். நான் அரங்கில் இருந்தேன். இடைவேளையில் நாங்கள் 29-0 முன்னிலை. குளிர் அதிகம் என்று என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். முன்னிலையில் இருக்கும் அணி என்ன செய்யும்? பந்தைக் கையில் கொடுத்து ஓடி ஓடிக் கடிகாரத்தைத் தின்ன வைக்கும். எங்களுக்கு ஓடத் தெரியாது. அந்தப் பருவத்தில் ஓட்டத்தில் நாட்டிலேயே கடைசி நாங்கள். கூடுதல் நேரத்தில் அவர்களுடைய அய்யோமனோர், சாண்டர்ஸோடு ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து இங்கே வந்திருந்த டிராவிஸ் ஹன்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டிப் பந்தைப் பிடித்தான். அந்த இரவில் பந்தைப் பிடித்து அவன் மட்டும் 294 கெஜம். 46-43, ஸ்டான்ஃபோர்ட். வீட்டுக்குப் போனால் மனைவி இன்னும் நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நவம்பரில் சாண்டர்ஸ், அடுத்து என்ன ஆட்டம் என்று முடிவெடுத்து அழைக்கும் பொறுப்பைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பறித்து இன்னொருவரிடம் கொடுத்தார். 4-8. ஆனால் அடுத்த ஆண்டு 9-4, ஹன்டருக்கு ஹைஸ்மன். என்.எஃப்.எல். அணியான சின்சினாட்டி பெங்கால்ஸிலிருந்து புதிய தற்காப்பு ஒருங்கிணைப்பாளரைக் கொண்டுவந்தார். தற்காப்பு அடியோடு மாறியது. இந்த ஆண்டு ஹன்டரும் இல்லை, மகன் ஷெடூரும் இல்லை. 3-9.

மூன்று ஆண்டு பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது. அவரால் திறமையை அழைத்து வர முடியும், அதில் அவருக்கு நிகர் இல்லை. திறமை குறைந்த பையனை எடுத்து மூன்று ஆண்டு வளர்த்து ஆட்டக்காரனாக ஆக்குவதை இங்கே நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் மருமகன் எந்த வகைப் பையன் என்று யோசியுங்கள், ஆஸ்டின்வாசி. பெரிய கல்லூரிகள் விட்டுவிட்ட லைன்மேன் என்றால் அவன் வளர்க்கப்பட வேண்டியவன்.

கொலம்பஸ் குமரன்
10 டிசம்பர் 2025, காலை 8.00

பாலனின் கடைசி வரி ரொம்ப முக்கியம்.

ஆஸ்டின்வாசி
10 டிசம்பர் 2025, இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. அக்காவுக்கு இழையை முழுதாக வாசித்துக் காட்டினேன். அத்தான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'டெஷான் ஜாக்சன் மட்டும் எப்படி ஜெயித்தார், அதைக் கேள்' என்றார். நியாயமான கேள்வி. அவரும் மைக்கேல் விக்கும் ஒரே மாதத்தில், 2024 டிசம்பரில், வேலைக்கு வந்தவர்கள். என்.எஃப்.எல்.லில் ஒரே ஃபிலடெல்பியா அணியில் ஆடியவர்கள். ஜாக்சனின் டெலவேர் ஸ்டேட் 8-4. விக்கின் நார்ஃபோக் ஸ்டேட் 1-11. ஏன்?

மேடைக்கேமரா
10 டிசம்பர் 2025, இரவு 11.40

ஒரே ஒரு பருவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது விக்குக்கு அநியாயம். எடி ஜார்ஜுக்கு நான்கு ஆண்டு ஆனது என்பதை மறக்க வேண்டாம். அக்டோபர் 30-ஆம் தேதி ஃபிலடெல்பியாவில் அவர்களுடைய பழைய அரங்கத்திலேயே இருவரும் மோதினார்கள். 27-20, டெலவேர் ஸ்டேட். ஒரு டச் டவுன் வித்தியாசம்தான்.

வித்தியாசம் என்று கண்ணுக்குத் தெரிவது சின்னது. ஜாக்சன் அதற்கு முந்தைய ஆண்டு லாங் பீச்சில் ஒரு பள்ளியின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்தார். விக் தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்தார். பயிற்சியாளராக அவருக்கு இருந்தது 2017-இல் கேன்சஸ் சிட்டி என்.எஃப்.எல். அணியின் முகாமில் பழகுநராகக் கழித்த சில வாரம். ஒரு பருவம் பதினாறு வயதுப் பையன்களோடு மல்லுக்கட்டியது அவ்வளவு வித்தியாசத்தைத் தருமா? முழுக் காரணமும் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 'பார்த்தால் தெரியும்' என்ற பதில் பள்ளிப் பையனிடம் செல்லாது என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருப்பார்.

இன்னொரு விஷயம். என்.எஃப்.எல்.லிலிருந்து நேராக வருபவர்கள் இரண்டும் ஒரே ஆட்டம் என்று நினைத்து வருகிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடங்கப் பந்தை வைக்கும் எல்லையைக் காட்ட, மைதானத்தின் நடுவில் இருக்கும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. அதனால் கல்லூரியில் ஒரு பக்கம் பரந்த வெளியாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். ஆட்டமே அந்த வெளியைச் சுற்றி அமைகிறது. கல்லூரியில் பந்து எறிவதற்குள் லைன்மேன் மூன்று கெஜம் வரை முன்னேறலாம். என்.எஃப்.எல்.லில் ஒரு கெஜம்தான். உங்கள் மருமகனுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கல்லூரியில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்கக் கூடாது. பையனுக்குத் திங்கட்கிழமை வேதியியல் தேர்வு இருக்கும். தொழில்முறை வீரன் நாள் முழுக்கக் கட்டடத்திலேயே கிடந்து கற்பதை இவன் இருபது மணி நேரத்தில் கற்க வேண்டும். சொல்லும் சொல் சுருக்கமாக, சரியாக இருக்க வேண்டும். அதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன.

வெண்ணிலா அட்லாண்டா
11 டிசம்பர் 2025, காலை 10.20

ஆஸ்டின்வாசி தம்பி, பையன் இரண்டு கல்லூரிக்கும் நேரில் போகட்டும். என்.எஃப்.எல். நட்சத்திரம் எட் ரீட் விஷயம் ஞாபகம் இருக்கிறதா? 2022 டிசம்பரில் பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. வசதிகள் மோசமாக இருக்கின்றன என்று அவர் வெளிப்படையாகக் கொதித்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒப்பந்தம் உறுதியாகவில்லை, போய்விட்டார். அவர் சொன்ன குறைகள் உண்மை, எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவரை நம்பி வந்த பையன்களின் கதி என்ன? நட்சத்திரத்துக்குப் போக ஆயிரம் இடம் உண்டு.

நேரில் போகும்போது தலைமைப் பயிற்சியாளரோடு எடுக்கும் படத்துக்கு மயங்க வேண்டாம். லைன் பயிற்சியாளர் யார், அவர் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, போன ஆண்டு லைனில் இருந்த எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறப் பெயர் பதியும் டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்த பிறகு, வளர்க்கப் பொறுமை இல்லாதவர்கள் ஜனவரியில் வேறு பையனை வாங்கிக்கொள்கிறார்கள். நான் நட்சத்திரங்களுக்காகப் பேசினேன், இன்னும் பேசுவேன். ஆனால் உங்கள் அக்காவின் இடத்தில் இருந்தால் இதைத்தான் கேட்பேன்.

ஆஸ்டின்வாசி
18 ஜனவரி 2026, இரவு 10.05

பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. இரண்டு இடத்துக்கும் போய் வந்தோம். அக்கா, அத்தான், பையன், நான்.

நட்சத்திரம் இருக்கும் கல்லூரிக்கு முதலில். விளக்கு, இசை, பையனின் பெயர் பொறித்த சீருடை. வெண்ணிலா அக்கா சொன்ன கேள்விகளை அக்காவே கேட்டாள். லைன் பயிற்சியாளர் யார் என்றதும் அவர் கொஞ்சம் தயங்கினார். பழையவர் டிசம்பரில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாராம். 'மிகச் சிறந்த ஒருவரைக் கொண்டுவருகிறேன், என்னை நம்புங்கள்' என்றார். மனிதர் நல்லவர். மறைக்காமல் சொன்னார். பையனிடம், 'நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறேன், நீயும் கற்றுக்கொள்வாய், சேர்ந்து கற்போம்' என்றார். அத்தானுக்குக் கண் கலங்கியது. எனக்கும் அவர் மீது மரியாதை கூடியது.

அடுத்த வாரம் மற்றக் கல்லூரி. தலைமைப் பயிற்சியாளர் பத்து நிமிடம் பேசிவிட்டு எங்களை லைன் பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டார். அறுபது வயது இருக்கும். ஒரு முழங்கால் மடங்காது. இருட்டறையில் உட்கார வைத்து, பையன் பள்ளியில் ஆடிய ஆட்டத்தின் படத்தைப் போட்டார். நாங்கள் கொண்டுபோனது இல்லை, அவரே தேடி எடுத்து வைத்திருந்தார். ஒரே ஓர் ஆட்டத்தை எட்டு முறை ஓட்டினார். பிறகு விளக்கைப் போட்டு, பையனை நடுவில் நிற்கச் சொன்னார். 'நிலையெடு' என்றார். பையன் குனிந்தான். கிழவர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, அவன் வலது ஷூவைக் கையால் பிடித்து இரண்டு அங்குலம் பின்னால் நகர்த்தினார். 'இப்போது எழுந்து என் தோளைத் தள்ளு' என்றார்.

தள்ளினான். அவர் பின்னால் சாய்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். பையன் பதறிப்போய்த் தூக்கப் போனான். அவர் உட்கார்ந்தபடியே, 'மூன்று ஆண்டாக அந்தக் காலை யாரும் நகர்த்தவில்லையா?' என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. வேகோ தாண்டியதும் பெட்ரோல் போட நிறுத்தினோம். பையன் இறங்கிப் போய் விளக்குக் கம்பத்தின் அடியில் குனிந்து நின்றான். வலது காலைப் பின்னால் வைத்தான், எழுந்தான். மறுபடி குனிந்தான். அத்தான் காருக்குள் இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம், 'பிப்ரவரி நாலாம் தேதிக்கு லீவு சொல்லிவிடு' என்றார். எந்தக் கல்லூரிக்கு என்று அக்கா கேட்கவில்லை.